காற்று மாசு, மக்கள் நலம், அரசுக் கொள்கை: தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் இந்த வேலைக்குள் நுழைவது எப்படி? சட்டம் படிக்கவா, பொதுச் சுகாதாரம் படிக்கவா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: வேலூர்ப் பக்கம் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறார், இப்போது சாட்ஸ்வொர்த்தில் மாமா வீட்டில் இருக்கிறார், காற்று மாசு சம்பந்தமான கொள்கை வேலைக்குப் போக ஆசை, மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், இதில் சம்பளம் கட்டுப்படியாகுமா என்றும் கவலை.

நானும் ராணிப்பேட்டைக்காரிதான், நானும் வேதியியல்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010-இல் கணவர் வேலைக்காக டர்பன் வந்து, நகரின் தெற்கே மெர்பேங்க் பகுதியில் வாடகைக்கு வீடு பிடித்தோம். இரண்டாவது வாரம், விடியற்காலை, படுக்கையறை முழுக்க அழுகின முட்டை நாற்றம். தோல் ஷாப்பு நாற்றத்திலேயே வளர்ந்த எனக்கே குமட்டியது. ஜன்னலைச் சாத்தப் போனால், பக்கத்து வீட்டுப் படியில் ஒரு பாட்டி உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நூலால் நோட்டோடு கட்டப்பட்டிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "இது முட்டை, கண்ணு. தீக்குச்சி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்" என்றார்.

எங்கள் ஊரில் பாட்டியை ஆயா என்போம். அவர் வீட்டிலும் எல்லோருக்கும் அவர் ஆயாதான். ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தில் இங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய. ஆயாவின் அப்பா டர்பன் மாநகராட்சியில் தெருக் கூட்டியவர். குடும்பம் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்தது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் கற்ற தமிழ் ஆயாவுக்குக் கடைசிவரை கைவிடவில்லை. நோட்டு முழுக்கத் தமிழ்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள். தேதி, மணி, வாசனை, காத்து, இருமினது யார். வாசனைக்கு அவரிடம் ஏழெட்டு பெயர்கள் இருந்தன: முட்டை, கோசு, தீக்குச்சி, தார், பெட்ரோல், இப்படி. காற்றின் திசைக்குக் கருவி எதுவும் கிடையாது. எதிர்வீட்டு இந்திக்காரர் வாசலில் மூங்கிலில் பறக்கும் சிவப்பு அனுமன் கொடிதான். கொடி தெற்கே போனால் 'வடக்கத்தி', வடக்கே போனால் 'தெக்கத்தி'.

டர்பன் கடற்கரைக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வீசும். அப்போது மெர்பேங்குக்கு வடக்கே ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, தெற்கே இன்னொன்று, பக்கத்திலேயே காகித ஆலை. எந்தப் பக்கம் அடித்தாலும் யாரோ ஒருவருடைய புகை. குளிர்காலம் இன்னும் மோசம். ஒரு பக்கம் பிளஃப், இன்னொரு பக்கம் பெரியா என்று இரண்டு மேட்டுக்கு நடுவே கிடக்கிற பள்ளம் இது. விடிகாலையில் கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். புகை எங்கே போகும்?

ஆயாவின் நான்கு நோட்டுகளை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள் குடியிருப்போர் சங்கத்தில். இந்தத் துறையில் என் முதல் வேலை அதுதான், சம்பளமில்லாத வேலை. 'முட்டை' என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, 'கோசு' என்றால் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம், 'தீக்குச்சி' கந்தக டை ஆக்சைடு. படித்த வேதியியல் ஒரு மூதாட்டியின் மூக்குக்குப் பின்னால் ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு மாநகராட்சியின் அளவீட்டு நிலைய எண்களை வாங்கி அவர் எழுதிய மணிகளோடு ஒப்பிட்டேன். 'தீக்குச்சி' என்று அவர் எழுதிய பல நாட்களில் கந்தக டை ஆக்சைடின் கோடும் ஏறியிருந்தது. எல்லா நாளும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நிலையங்கள் சும்மா வந்தவை அல்ல. மெர்பேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் டர்பன் மருத்துவப் பள்ளியும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு செய்தன. பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருந்தது. அதற்கு முன்பே தெருவில் இறங்கிய மக்கள் பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்திருந்தார்கள். வாளிக்குள் ஒரு சிறப்புப் பை. வாளியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் பை வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு உப்பும். பையை அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்தப் போராட்டத்தில் எழுந்த பாபி பீக் 1998-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு வாங்கினார், மறு வருஷம் கிரவுண்ட்வொர்க் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடங்கியது. இன்னொரு தெற்கு டர்பன் போராளி டெஸ்மண்ட் டிசா அதே பரிசை 2014-இல் வாங்கியது உங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்து புல்புல் டிரைவ் நச்சுக் குப்பைக்கிடங்கை மூடவைத்ததற்காக. மாமாவைக் கேளுங்கள், அந்த நாற்றம் அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன். நோட்டு வேலை முடிந்த தெம்பில், பகுதிநேரமாகப் பொதுச் சுகாதாரத்தில் முதுகலையும் சேர்ந்துவிட்டு, ஒரு பொது விசாரணைக் கூட்டத்துக்குப் போனேன். ஆறு நிமிஷம் பேசினேன். வரைபடம், பிஎம் 2.5 என்கிற நுண்துகள், நுரையீரல் திறன், எல்லாம். கைதட்டல்கூட வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "நன்றி அம்மா. உரிமத்தில் எந்த நிபந்தனையை மாற்றச் சொல்கிறீர்கள்?" ஆலைக்குப் புகை உரிமம் என்று ஒரு காகிதம் இருப்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. அதில் எத்தனை நிபந்தனை, எந்தப் புகைபோக்கிக்கு என்ன அளவு, ஒன்றும் தெரியாது. உட்கார்ந்துவிட்டேன். என் பேச்சு கூட்டக் குறிப்பில் ஒரு வரிகூட ஆகவில்லை.

இந்த வேலை என்ன என்று கேட்டால், நான் புரிந்துகொண்டது அதுதான் தம்பி: ஒரு நாற்றத்தை, ஓர் அதிகாரி பதில் சொல்லியே ஆகவேண்டிய காகிதமாக மாற்றுவது. நல்ல பேச்சாளர்கள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். ஆனால் நிபந்தனை 7-இல் இரண்டாவது வரியைப் படித்தவர்கள் கையளவு.

அதற்குக் கருவிகள் இந்த நாட்டில் நன்றாகவே இருக்கின்றன. அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு, உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் கேடு செய்யாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் இதை வைத்துத்தான் ம்பூமலாங்கா மாகாணத்து ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் நிலக்கரிப் புகை அந்த உரிமையை மீறுகிறது என்று சொன்னது. கிரவுண்ட்வொர்க்கும் வுக்கானி என்ற உள்ளூர் இயக்கமும் போட்ட வழக்கு. அதன் கீழே 1998-இன் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம். நாங்கள் நீமா என்போம். மாசு செய்தவனே செலவு கட்ட வேண்டும் என்பது அதில் எழுதியே இருக்கிறது. நம் வேலூர் மாவட்டத் தோல் ஆலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அதே விஷயம். நான் பிறந்த ஊரின் வழக்கைப் பற்றி டர்பனில் வகுப்பில் உட்கார்ந்துதான் முதன்முதலாகக் கேட்டேன், வெட்கமாக இருந்தது. அப்புறம் 2004-இன் காற்றுத் தரச் சட்டம். ஆலைகளுக்கான புகை உரிமம் அதன் கீழ்தான் வருகிறது. தகவல் கேட்க 2000-இன் சட்டம் ஒன்று. அதன் சுருக்கப் பெயர் பாயா (ஆட்டுக்கால் பாயா இல்லை, நானும் முதல் தடவை சிரித்தேன்).

சட்டம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கதை, இதுவும் என் தவறுதான். ஒரு சின்ன ஆலைக்கு விரிவாக்க அனுமதி கிடைத்தது. மேல்முறையீட்டுக்கு 20 நாள். நான் சனி, ஞாயிறைக் கழித்து எண்ணினேன். நாட்காட்டி நாள் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. 24-ஆம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு, விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. நாற்பது குடும்பம் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. சங்கத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. அன்றிலிருந்து எந்த முடிவு வந்தாலும் முதலில் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டுத்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறேன்.

சரி, சட்டமா சுகாதாரமா? உங்கள் நிலையில் சுகாதாரம் என்பேன். வக்கீல்கள் கிடைக்கிறார்கள், கேப் டவுனில் சென்டர் ஃபார் என்விரான்மென்டல் ரைட்ஸ் மாதிரி இதற்கென்றே இயங்கும் சட்ட அமைப்புகள் உண்டு. அவர்களுக்குக் குறையாக இருப்பது எண்ணைப் பார்த்து நோயைச் சொல்லக்கூடிய, நோயைப் பார்த்து எண்ணைத் தேடக்கூடிய ஆள். வேதியியல் கையில் இருக்கிறவருக்கு அது பாதி தூரம். ஆனால் சட்டத்தை வக்கீலிடம் விட்டுவிடாதீர்கள், மேலே சொன்ன நான்கையும் நீங்களே படியுங்கள். ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும்.

பட்டத்தில் ஒரு குழப்பம் வரும். 'சுற்றுச்சூழல் சுகாதாரம்' என்ற பெயரில் இங்கே ஒரு தனித் தொழிலே உண்டு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷப் படிப்பு, ஒரு வருஷக் கட்டாயச் சமூக சேவை, ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு. இவர்கள்தான் மாநகராட்சியில் குடிநீர், உணவுக் கடை, குப்பை, கொசு, ரசாயனப் பாதுகாப்பு, பிணம் அடக்கம் செய்வது வரைக்கும் சோதிப்பவர்கள். பதிவு இல்லாமல் அந்தப் பதவி கிடையாது. உங்கள் இந்தியப் பட்டத்தை முதலில், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அரசு அமைப்பான சாக்வாவிடம் கொடுத்து மதிப்பிட்டு வாங்கிவையுங்கள், எந்தக் கதவுக்கும் அது கேட்பார்கள். திரும்ப நான்கு வருஷம் படிக்கப் பொறுமை இல்லையென்றால், எனக்குப் போலப் பொதுச் சுகாதார முதுகலை. அதற்கும் முன்னால் ஆனர்ஸ் (இளங்கலைக்குப் பிறகு வரும் ஒரு வருஷப் படிப்பு) கேட்கலாம், விசாரியுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கமும் இருக்கிறது. தென் ஆப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தில் சுற்றுச்சூழலும் நலமும் பற்றிய பிரிவு ஈயம் பற்றி நீண்ட காலமாக வேலை செய்கிறது. 2006-இல் இங்கே ஈயப் பெட்ரோல் நின்றது. கதை அதோடு தீரவில்லை, பெயின்ட்டில், மீன் தூண்டில் குண்டில், பழைய உலோகத்தை உருக்கி வார்க்கும் அலுமினியப் பானையில் என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பானைகளில் புளிக்குழம்பு வைக்காதீர்கள். புளிப்பு ஈயத்தை இழுக்கும்.

சம்பளம். மாநகராட்சி வேலையென்றால் வீட்டுக் கடன் வாங்கலாம். தொண்டு நிறுவனத்தில் இரண்டு, மூன்று வருஷ நிதியோடு வேலையும் முடியும். எனக்கு ஒரு தடவை நடுவில் ஏழு மாதம் வருமானமில்லாமல் போயிற்று, கணவர் சம்பளம் இருந்ததால் தப்பித்தேன். தனியாள் என்றால் இதை யோசித்துத்தான் இறங்க வேண்டும். முதல் சில வருஷம் பகலில் ஆய்வகத்திலோ நீர்ப் பரிசோதனையிலோ வேலை, மாலையில் சங்கம் என்று ஓட்டுங்கள் என்பேன். ஆர்வம் வாடகை கட்டாது.

பேச வராது என்றீர்களே. ஆயா ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. நோட்டை மேசையில் வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். எழுத்தில் கருத்துக் கொடுப்பதும் பேச்சுக்குச் சமம்தான். வரைவு விதிகளுக்குக் கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 30 நாள் தருவார்கள். பொதுமக்கள் கருத்தைச் சரியாகக் கேட்காமல் போட்ட சட்டங்களை 2006-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றே சொல்லியிருக்கிறது. நாம் எழுதுவதைத் தூக்கிப் போடுவது அவர்களுக்கும் அவ்வளவு எளிதில்லை.

2020 டிசம்பர் 4 காலை வடக்கே இருந்த ஆலையில் வெடிப்பு. அன்றைய பக்கத்தில் ஆயாவின் எழுத்து கோணலாக இருக்கிறது: 'வெடி. ஜன்னல் ஆடிச்சு. காத்து பாக்கல.' அந்த ஆலை பிறகு சுத்திகரிப்பை நிறுத்தியது, தெற்கே இருந்ததும் 2022-இல் நின்றது. காற்று முன்பைவிடத் தேவலை. வேலை போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சந்தோஷமாகச் சொல்ல முடிவதில்லை. கொள்கை வேலைக்கு வருகிறவர் அந்தக் கேள்விக்கும் பதில் தேடியாக வேண்டும். என்னிடம் இன்னும் இல்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மாமா வீட்டுக்குப் பக்கத்தில் புகைபோக்கி உள்ள ஆலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் புகை உரிமத்தின் நகல் கேட்டு மாநகராட்சிக்கு பாயா விண்ணப்பம் போடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்க மறக்காதீர்கள். 30 நாள் அவகாசம். பதிலே வராவிட்டால் சட்டப்படி அது மறுப்பு என்றே கணக்கு. 31-ஆம் நாள் இங்கேயே வந்து கேளுங்கள், அடுத்த படிவம் எது என்று சொல்கிறேன்.