உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மீது கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட், ஸ்னாப்பை மட்டும் ஏன் தடுக்கிறது?

ஸ்னாப் என்பது ஒரு மென்பொருளை, அதற்கு வேண்டிய நூலகங்களோடு சேர்த்துக் கட்டித் தரும் பொதி முறை. உருவாக்கியது உபுண்டுவை நடத்தும் கனானிக்கல் நிறுவனம். மின்ட் குழுவின் கோபம் பெரும்பாலும் அது கொண்டுவரப்பட்ட விதத்தில்தான். உபுண்டு 20.04-இல், மென்பொருள் நிறுவும் வழக்கமான கருவியான ஏபிடி வழியாகக் குரோமியம் உலாவியைக் கேட்டால், வந்து இறங்கியது வெறும் கூடு. அது பயனரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்னாப்பை நிறுவி, உலாவியைக் கனானிக்கலின் கடையிலிருந்து எடுத்து வந்தது. அந்தக் கடையின் வழங்கி நிரலோ திறந்த மூலம் அல்ல. ஸ்னாப்பைப் போன்ற இன்னொரு பொதி முறையான ஃபிளாட்பேக்கில் யார் வேண்டுமானாலும் தனிக் களஞ்சியம் வைக்கலாம். ஸ்னாப் அந்த ஒரே கடையை நம்பி வடிவமைக்கப்பட்டது.

அதனால்தான் 2020-இல் வந்த மின்ட் 20 முதல் இந்தத் தடுப்பு. குரோமியத்தை மின்ட் குழுவே தொகுத்து வழங்கத் தொடங்கியது.

கனானிக்கல் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு உபுண்டு பதிப்புக்கும் உலாவியைத் தனித்தனியே தொகுப்பது பெரும் பாடு. ஒரே பொதி என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் விரைவாகப் போய்ச் சேரும். வாதம் சரி, சொல்லாமல் மாற்றியதுதான் சரியில்லை என்பது என் கட்சி.

ஸ்னாப் வேண்டுமென்றால் மின்ட்டிலும் வழி இருக்கிறது. ஏபிடி அமைப்புகளில் உள்ள அந்தச் சிறு தடுப்புக் கோப்பை நீக்கிவிட்டு நிறுவிக்கொள்ளலாம்.