53 பேரில் 52

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவனுக்கு, மருந்துக்கு அடங்காத சயரோகம் என்று சொன்னார்கள். கூடவே செய்த இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் தெரிய வந்தது. இணையத்தில் தேடினால், இரண்டும் சேர்ந்தால் 53 பேரில் 52 பேர் செத்தார்கள் என்று கிடக்கிறது. தம்பியோ, "முதல்ல சயத்துக்குக் குடிப்பம், மற்றக் குளிசையைப் பிறகு பாப்பம்" என்கிறான். மருந்தை ஒழுங்காகக் குடிக்காததால்தான் இப்படி வந்தது என்று அம்மா அவனை ஏசுகிறா. என்ன செய்வது?
- ஓர் அக்கா, கொக்குவில்

பதில்: பிள்ளை, நீங்கள் வாசித்த கணக்குப் பொய்யில்லை. ஆனால் எந்த ஊர், எந்த ஆண்டு என்று பார்த்தீர்களா? தென்னாபிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில் டுகேலா ஃபெரி என்ற சின்ன ஊர். 2005, 2006ஆம் ஆண்டுகள். அநேகமாக எந்த மருந்துக்கும் அடங்காத சயம் அது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்த 44 பேருக்கும் அதுவும் இருந்தது. சளி எடுத்த நாளிலிருந்து 16 நாளுக்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள். கிருமியை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல அப்போது வாரக்கணக்காகும். முடிவு வரும்போது கட்டிலில் ஆள் இல்லை.

அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். அவர்களில் விவரம் கிடைத்தவர்களைப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டோர் முன்பு சயத்துக்கு ஒரு குளிசைகூடக் குடித்தவர்கள் அல்ல. முரட்டுக் கிருமியை நேரே மூச்சில் வாங்கியவர்கள். ஏசுவதற்கு அங்கே ஆளே இல்லை.

அதன்பிறகு மருந்து மாறிவிட்டது. பெடாக்குலின், பிரெட்டோமனிட், லினசோலிட் மூன்றையும் அதே தென்னாபிரிக்காவில் 109 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 98 பேருக்கு வைத்தியம் பலித்தது. 2022இல் உலக சுகாதார ஸ்தாபனம் இவற்றோடு மொக்சிஃபுளொக்சசினையும் சேர்த்து ஆறு மாத வைத்தியமாகப் பரிந்துரைத்தது. முன்பென்றால் ஒன்றரை வருஷத்துக்கு மேல், காதை அடைக்கிற ஊசியோடு. தம்பிக்கு எந்தக் கூட்டு என்பதை அவருடைய சளி முடிவைப் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார்.

எனக்குப் பயம் தம்பியின் "பிறகு பாப்பம்" என்ற பேச்சில்தான். எச்.ஐ.வி. உடம்பின் காவலைக் கரைத்துக்கொண்டிருக்க, சயத்துக்கு மட்டும் குடித்து என்ன பயன்? சய மருந்து தொடங்கிய பின் முடிந்தளவு சீக்கிரம், முதல் எட்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்தும் தொடங்க வேண்டும். தொடங்கிச் சில வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல் திரும்ப அடிக்கும், கழுத்தில் நெறி கட்டும், இருமல் கூடும். மருந்துதான் ஆளைக் கொல்கிறது என்று வீட்டார் நிறுத்திவிடுவது அந்த நேரத்தில்தான். உண்மையில் உடம்பு திரும்பப் பலம் பிடித்துக் கிருமியோடு சண்டைக்கு நிற்கிற குழப்பம் அது. நிறுத்தாமல், அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டு கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள். பழைய எச்.ஐ.வி. குளிசையான எஃபாவிரென்ஸ், பெடாக்குலினின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடினும் லினசோலிட்டும் சேர்ந்தால் இரத்தம் குறையும். ஒரு வைத்தியர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சொந்தக்காரருக்குச் சயம் என்று மட்டும் சொன்னால் போதும், அது உங்கள் வீட்டு விஷயம். வைத்தியரிடம் ஒளிக்கக்கூடாது.

தம்பி குளித்துவிட்டு வரும்போது காலைக் கேளுங்கள். பஞ்சில் மிதிப்பது போல இருக்கிறதா, பாதம் எரிகிறதா, செருப்புக் கழன்றதே தெரியவில்லையா? லினசோலிட் நரம்பைப் பிடிக்கத் தொடங்குகிறது என்று அர்த்தம். அளவைக் குறைக்க வழி உண்டு. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளிறிக் கிடந்தாலும் சொல்லுங்கள். பெடாக்குலின் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது என்பதால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார்கள். அலுப்பு என்று தட்டிக் கழிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவருக்கு இப்போது தனிக் கோப்பை, தனித் தட்டு என்று நினைக்கிறேன். சரிதானே? கோப்பையால் இரண்டு கிருமியும் வராது. சயம் காற்றில் வருவது. வீட்டில் எல்லோரும் ஒருமுறை மார்பு நோய் கிளினிக்கில் காட்டுங்கள். நுளம்புக்குப் பயந்து ஆறு மணிக்கே யன்னலைச் சாத்துகிற ஆட்கள் நாங்கள். தம்பியின் கட்டிலுக்கு ஒரு நுளம்பு வலையைக் கட்டிவிட்டு, அந்த அறை யன்னலை இரவும் திறந்தே விடுங்கள்.