பிக் ட்ராக்: பட்டனுக்குச் சத்தம் வருகிறது, சக்கரம் சுற்றவில்லை

பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை என்று உங்கள் பிக் ட்ராக் பற்றிக் கேட்டீர்கள்; பட்டனில் கட்டளை கொடுத்து ஓட்டும் அந்தப் பொம்மை வண்டியில் கோளாறு பெரும்பாலும் டி சைஸ் (பெரிய உருளை) பேட்டரிப் பக்கம்தான், வண்டியை இயக்கும் சிப்பில் இல்லை. 1979-இல் மில்டன் பிராட்லி விட்ட வண்டியில் டிஎம்எஸ்1000 சிப்புக்குத் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி, மோட்டார்களுக்கு நான்கு டி பேட்டரி. பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் சிப் உயிரோடு இருக்கிறது. பதினாறு கட்டளை நினைவில் வைக்கும் அந்தக் காலத்துச் சிப், பத்திரமாகப் பாருங்கள்.

பழைய பேட்டரி கசிந்து தகட்டில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கும். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நான்கையும் புதிதாகப் போடுங்கள். அப்புறம் வண்டியின் பட்டன்களில் சிஎல்ஆர் (பழைய கட்டளையை அழிக்க), முன்னோக்கு அம்பு, 1, கோ (ஓடவிட) என்று வரிசையாக அழுத்திப் பாருங்கள். அவ்வளவு போதும்.

2010-இல் வந்த மறுவெளியீடு என்றால் இது பொருந்தாது, அதன் மின்சுற்றே வேறு.