சளி தொடங்கும்போதே தைலம்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கேள்வி: தொண்டை கரகரத்து, மூக்கு ஒழுகத் தொடங்கியதுமே ‘எசென்ஷியல் ஆயில்’ (செடிகளிலிருந்து வடித்தெடுக்கும் வாசனைத் தைலம்) பயன்படுத்தினால் சளி நெஞ்சுக்கு இறங்காமல் அப்படியே நின்றுவிடும் என்கிறார் என் தோழி. யூகலிப்டஸ், புதினா, லாவெண்டர் என ஐந்து பாட்டில் கொண்ட பெட்டி 3,000 ரூபாய். ஒரு சொட்டைத் தேனில் குழைத்துக் குடிக்கவும் சொல்கிறார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும், ஆஸ்துமா உள்ள மாமியாரும் இருக்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் வீட்டு நிலைமைக்கு இது செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே சரியாகிவிடும். அதனால் முதல் நாளே எதைத் தடவினாலும், எதை முகர்ந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். உங்கள் தோழி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்புகிறார், அவருக்குச் சொல்லித்தந்தவரும் அப்படியே. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, தங்கள் எண்ணெய்கள் அதற்கும் நல்லது என்று இத்தகைய எண்ணெய்களை விற்பவர்கள் இணையத்தில் எழுதினார்கள். அந்த எண்ணெய்களின் நிறுவனங்களான யங் லிவிங், டோடெர்ராவுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று.

சரி, தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்ததுபோல் இருக்கிறதே? அந்தச் சுகம் உண்மைதான். புதினா எண்ணெயில் உள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. காற்று தாராளமாகப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. ஆனால் மூக்கின் வழியாகப் போகும் காற்றை அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். இரவில் தூங்குவதற்கு அந்தச் சுகமே பெரிது என்றால், ஆஸ்துமா இல்லாத பெரியவர்கள் ஒரு சிறு பாட்டில் நீலகிரித் தைலம் வாங்கிக் கைக்குட்டையில் ஓரிரு சொட்டு விட்டு முகரலாம். அதற்கு ஐந்து பாட்டில் பெட்டி எதற்கு?

குழந்தை விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே யூகலிப்டஸ், மென்தால், கற்பூரம் மூன்றும் கூடவே கூடாது. மூக்குக்குக் கீழே தடவினால் கைக்குழந்தைகளுக்கு மூச்சே தடைபடலாம். நாம் வழக்கமாக வாங்கும் களிம்பு டப்பாவிலேயே இந்த வயது எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். குழந்தைக்கு மூக்கடைப்பு என்றால் மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு மருந்து, அதாவது ‘சலைன் நேசல் டிராப்ஸ்’, கேளுங்கள். விலையும் குறைவு. ஒரு வயது தாண்டிவிட்டதால் இருமலுக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம், அதில் எண்ணெய் எதுவும் கலக்காமல்.

பெரியவர்களும் இந்த எண்ணெய்களைக் குடிக்கக் கூடாது. யூகலிப்டஸ் எண்ணெய் சில மில்லி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாமியாருக்குக் கடும் வாசனையே மூச்சுத்திணறலைத் தூண்டிவிடலாம். அறை முழுக்க எண்ணெயை ஆவியாக்கிப் பரப்பும் ‘டிஃப்யூசர்’ உங்கள் வீட்டுக்கு வேண்டாம். ஆவி பிடிக்கிற பழக்கம் இருந்தால் வெறும் வெந்நீரே போதும், பாத்திரத்தைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோவதுதான் இதில் நடக்கிற பெரிய கேடு.

மூச்சு வாங்குகிறது, குழந்தைக்கு விலா உள்வாங்குகிறது, காய்ச்சல் மூன்று நாள் தாண்டியும் விடவில்லை என்றால் தைலத்தை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

கேள்வி: ஊட்டியில் சாலையோரக் கடையில் நீலகிரித் தைலம் வாங்கினேன். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகர், ஈரோடு)

பதில்: வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுக் காற்றாட வையுங்கள். யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் வேகவைத்து, வரும் ஆவியைக் குளிர்வித்து எடுப்பதுதான் இந்தத் தைலம். அதனால் அது முழுவதும் ஆவியாகிப் போய்விட வேண்டும். பஜ்ஜி வைத்த காகிதம்போல் எண்ணெய்க் கறை நிலைத்து நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. ஆனால் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது, அதுவும் ஆவியாகிவிடும். தைலத்தின் தரத்தைச் சொல்வது அதிலுள்ள முக்கிய வேதிப்பொருளான சினியோலின் அளவு. ஐரோப்பிய மருந்துத் தரநூல் குறைந்தது 70 சதவீதம் கேட்கிறது. அதை ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க முடியும்.

ஆகவே வாங்கும்போதே லேபிளைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், எம்.ஆர்.பி., மருந்தாக விற்றால் உரிம எண், இவை வேண்டும். தாவரப் பெயர் ‘யூகலிப்டஸ் குளோபுலஸ்’ என்று போட்டிருந்தால் நல்லது. ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’ என்று இருந்தால் அது வெறும் வாசனைப் பொருள். லேபிளே ஒட்டாத பாட்டிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே கடையில், அதே அளவு பாட்டிலில், மூட்டுவலிக்கு விண்டர்கிரீன் தைலம் விற்பார்கள். அதில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள். ஒரு டீஸ்பூன் அளவு 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். சளிக்கு என்று நினைத்து இதை எடுத்துவிட்டால் வினை.

கேள்வி: ‘ஒரே நாளில் நெஞ்சுச்சளி கரையும், நிமோனியா வராது’ என்ற விளம்பரத்தை நம்பித் தெரிந்தவரிடம் ஓர் எண்ணெய் வாங்கினேன். பில் தரவில்லை, பணமும் திரும்பக் கிடைக்கவில்லை. (வாசகர், மதுரை)

பதில்: நிமோனியாவைத் தடுக்கும், குணமாக்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அந்த விளம்பரத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பெரும்பாலும் பிறகு நீக்கிவிடுவார்கள். பில் இல்லாவிட்டாலும் யு.பி.ஐ.யில் பணம் கட்டியதற்கான பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றுதான்.

தெரிந்தவர் மூலம் விற்கும் நிறுவனங்களுக்கு 2021இல் தனி நேரடி விற்பனை விதிகள் வந்திருக்கின்றன. பொருளைத் திருப்பித் தருவது, பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றி விற்பவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நண்பர் மீது சண்டை போடுவதைவிட நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகாரைக் கொடுத்துவிட வேண்டும்.