பொன்னியின் செல்வன்: இரண்டாம் பாகத்தைத் தாண்டிப் படிக்கலாமா?

தாண்ட வேண்டாம். திரைப்படங்களைப் பார்த்த பிறகு நாவலைத் தொடங்கி, இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' நடுவில் நின்றுவிட்டதாகவும், நேரே மூன்றாம் பாகத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் நிகழும் அத்தியாயங்களில்தான் ஊமை ராணியின் கதை வேர் பிடிக்கிறது. அதை விட்டுவிட்டால் பின்வரும் பாகங்களில் நந்தினியின் துயரம் பாதிதான் புரியும்.

சலிப்புக்குக் காரணம் நீங்கள் படிக்கும் வேகமாக இருக்கலாம். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை என்பதால், முன்கதையை நினைவூட்டும் பத்திகளும் அத்தியாய இறுதித் திடுக்கிடல்களும் அடிக்கடி வருகின்றன. ஒரே மூச்சில் நூறு பக்கம் படிப்பவருக்கு அவை தடையாகவே தோன்றும்.

ஒரு வாரம், நாளுக்கு இரண்டு அத்தியாயங்கள் மட்டும் படித்துப் பாருங்கள். வந்தியத்தேவனும் பூங்குழலியும் பேசிக்கொள்ளும் இடங்களை அவசரமின்றிப் படியுங்கள். கல்கியின் நகைச்சுவை அங்கே மிக இயல்பாக வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கை: படத்தை வைத்து முடிவை ஊகிக்காதீர்கள். நாவலில் வரும் மணிமேகலை என்ற பாத்திரம் படத்தில் இல்லவே இல்லை. மதுராந்தகன் தொடர்பான முக்கியத் திருப்பமும் அங்கே மாற்றப்பட்டுள்ளது. அது என்ன என்பதை ஐந்தாம் பாகம் முடியும்வரை எங்கும் தேடிப் படிக்காதிருப்பது நல்லது.