ஸ்டிக்கை விட்டால் ட்ரோன் ஏன் வானத்துக்குப் போகிறது?

ட்ரோன் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: கணினியில் சிமுலேட்டர் வைத்துப் பழகலாமா, வீட்டில் கிடக்கிற கேம் கன்ட்ரோலர் அதற்குப் போதுமா? எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எஃப்பிவி ட்ரோன் (அதன் கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்தே ஓட்டுவது) ஓட்ட ஆசை. தனி ரிமோட் வாங்காமல் ஆரம்பிக்காதே என்கிறார்கள் நண்பர்கள். என்னிடம் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இருக்கிறது. அதை வைத்துப் பழகினால் கை கெட்டுப்போகுமா?

பதில்: கெட்டுப்போகாது, தாராளமாக ஆரம்பியுங்கள். அந்தக் கன்ட்ரோலர் எதைச் சொல்லிக்கொடுக்கும், எதைச் சொல்லிக்கொடுக்காது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் புலம்ப வேண்டியிருக்காது.

எஃப்பிவி ட்ரோனைப் பெரும்பாலும் அக்ரோ மோடில்தான் ஓட்டுவார்கள். அதில் ஸ்டிக் 'இவ்வளவு சாய்' என்று சொல்வதில்லை, 'இவ்வளவு வேகமாகச் சுழல்' என்று சொல்கிறது. வலது ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் மூக்கு கீழே போகும்; விரலை எடுத்தால் தானாக நிமிராது, எந்தச் சாய்வில் விட்டீர்களோ அதே சாய்வில் போய்க்கொண்டே இருக்கும், நிமிர்த்த வேண்டுமானால் நீங்கள்தான் பின்னால் இழுக்க வேண்டும். படிக்கும்போது எளிதாகத்தான் தெரியும். திரையில் தரையும் வானமும் மாறி மாறிச் சுழலும்போது எந்த விரலை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று முதல் சில நாட்களுக்கு ஒன்றுமே ஓடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அதிக நேரம் பிடிப்பது இந்தக் குழப்பம் தெளிவதற்குத்தான், அதற்கு எந்தக் கேம் கன்ட்ரோலரும் போதும்.

கன்ட்ரோலர் காலை வாருவது இடது ஸ்டிக்கில். பெரும்பாலோர் ஓட்டும் மோட் 2 முறைப்படி இடது ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவு மோட்டாரின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், பக்கவாட்டு அசைவு மூக்கைத் திருப்பும் யாவ். வலது ஸ்டிக்கில் முன்பின் சாய்க்கும் பிட்ச்சும் பக்கவாட்டில் சாய்க்கும் ரோலும். எஃப்பிவி ரிமோட்டில் த்ராட்டிலுக்கு ஸ்பிரிங் கிடையாது, வைத்த இடத்தில் நிற்கும். கேம் கன்ட்ரோலரில் விரலைத் தளர்த்தினாலே நடுவுக்கு ஓடி வந்துவிடும். இன்னொன்று, ரிமோட்டின் ஸ்டிக் சதுரமான துளைக்குள் நகர்கிறது, கன்ட்ரோலரின் ஸ்டிக் வட்டமான துளைக்குள். அதனால் முழு பிட்ச், முழு ரோல் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கவே முடியாது. மூலைவாட்டில் முட்டும்வரை தள்ளினாலும், கணக்குப்படி ஒவ்வொன்றிலும் 70 சதவீதத்தை ஒட்டித்தான் கிடைக்கும். ஸ்டிக்கும் குட்டை. நடுவிலிருந்து ஓரம் வரை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் எல்லா நுணுக்கத்தையும் அடக்க வேண்டும். ஆகவே ரேட்ஸை, அதாவது ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் ட்ரோன் சுழலும் வேகத்தை, குறைத்து வையுங்கள். ட்ரோனைக் கட்டுப்படுத்தும் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் இயல்பாக வருவது நொடிக்கு 670 டிகிரி சுழற்சி, கட்டை விரல் ஸ்டிக்குக்கு அது ரொம்ப அதிகம். 400, 450 என்று வைத்து, நடுப்பகுதி மந்தமாக இருக்கக் கொஞ்சம் எக்ஸ்போவும் சேர்த்தால் கை நடுங்கினாலும் ட்ரோன் நடுங்காது.

இன்னும் ஒன்று. டிரிகரில் த்ராட்டிலை வைத்துக்கொள்ளச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கார் கேம் ஆடியவர்களுக்கு அது சுகமாகவும் இருக்கும். வேண்டாம். நாளைக்கு ரிமோட்டைக் கையில் எடுக்கும்போது அந்தப் பழக்கத்தை மறக்கவே தனியாகப் பழக வேண்டும்.

கேள்வி: சிமுலேட்டரில் இடது ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தால் ட்ரோன் வானத்துக்குப் போகிறது, கீழே இழுத்தால் கல் மாதிரி விழுகிறது. ஒரே உயரத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது. கன்ட்ரோலர் பழுதா?

பதில்: பழுதில்லை. விரலை எடுத்ததும் ஸ்டிக் நடுவுக்கு வருகிறதா? சிமுலேட்டர் அதை 50 சதவீத த்ராட்டில் என்று படிக்கிறது. எடைக்கு மிஞ்சிய பலமுள்ள 5 இஞ்ச் ப்ரொப்பெல்லர் எஃப்பிவி ட்ரோன் அந்தரத்தில் நிற்க அவ்வளவு தேவையில்லை, 30 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போதும். மிச்ச பலம் எங்கே போகும், மேலேதான்.

இதற்கு வழி, சிமுலேட்டரின் செட்டிங்கில் த்ராட்டில் ஸ்கேல் அல்லது த்ராட்டில் லிமிட் என்று இருக்கிறதா பாருங்கள். அதை 60 சதவீதமாக்கினால் நடு என்பது 30 ஆகிவிடும், அதாவது விரலை எடுத்தாலும் ட்ரோன் ஏறக்குறைய நின்ற உயரத்திலேயே நிற்கும். உங்கள் ட்ரோன் 25-லேயே நின்றால் ஸ்கேலை 50 ஆக்குங்கள். உச்ச வேகம் போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள், இப்போது அது உங்களுக்குத் தேவையில்லை. சில சிமுலேட்டர்களில் ஸ்டிக்கின் மேல்பாதியை மட்டும் த்ராட்டிலாக வைக்கலாம்: நடுவில் பூஜ்யம், மேலே முழு பலம். நிஜத்தில் த்ராட்டிலை முழுக்க இறக்கினால் என்ன நடக்குமோ அது விரலை விட்டதும் நடக்கும், அந்த வகையில் நேர்மையான முறைதான். ஆனால் ஏற்கெனவே குட்டையான ஸ்டிக்கில் பாதியை இழக்கிறீர்கள், விரலும் ஸ்பிரிங்கை எதிர்த்துக்கொண்டே இருப்பதால் சீக்கிரம் வலிக்கும். எனக்கு முதல் வழியே பிடிக்கும். கன்ட்ரோலரைத் திறந்து ஸ்பிரிங்கையே எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. வேறு கேம் ஆடாத பழைய கன்ட்ரோலர் என்றால் செய்து பாருங்கள், தம்பி தங்கையுடையது என்றால் கை வைக்காதீர்கள்.

அப்புறம் டெட்சோன். நடுவில் ஸ்டிக்கின் அசைவையே கணக்கில் எடுக்காத பகுதி அது. கேம்களில் அதைத் தாராளமாக வைத்திருப்பார்கள், தேய்ந்த ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுப்பதை மறைக்க. ட்ரோனுக்கு அது எமன். விரல் நகர்கிறது, ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறீர்கள், திடீரென்று சாய்கிறது. ஸ்டிக் இழுக்காத அளவுக்கு மட்டும், 3 அல்லது 5 சதவீதம் போதும். ஸ்டீம் என்ற கேம் கடையில் வாங்கிய சிமுலேட்டர் என்றால், கன்ட்ரோலரைக் கையாளும் அதன் ஸ்டீம் இன்புட் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள், அது நடுவில் புகுந்து தன் பங்குக்கு ஒரு டெட்சோன் போட்டுவைத்திருக்கலாம். முடிந்தால் புளூடூத்தை விட்டு ஒயரில் இணையுங்கள், தாமதம் குறையும்.

கேள்வி: எந்த சிமுலேட்டர் நல்லது?

பதில்: ரேஸ் ஓட்ட நினைப்பவர்கள் வெலோசிட்ரோன் பக்கம் போகிறார்கள். அழகுக்கு அது பேர்போனதல்ல, ஆனால் பறக்கும் உணர்வு சரியாக இருக்கும், சாதாரண கணினியிலும் ஓடும். காட்சி அழகும் சுதந்திரமாகச் சுற்றுவதும் வேண்டும் என்றால் அன்கிராஷ்ட், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். லிஃப்ட்ஆஃப் இரண்டுக்கும் நடுவில், பயிற்சிப் பாடங்களும் உண்டு. பழைய மடிக்கணினி என்றால் எஃப்பிவி ஃப்ரீரைடர். எதுவானாலும் படம் திக்காமல் ஓடுவதுதான் முக்கியம், நிழலையும் புல்லையும் அணைத்துவிட்டாவது ஃபிரேம் ரேட்டை ஏற்றுங்கள். ஒன்றை எடுத்தால் அதிலேயே இருங்கள், வாரம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் செட்டிங் போடுவதில்தான் தேர்ச்சி வரும்.

கேள்வி: நான் வாங்கப்போவது ஜிபிஎஸ் உள்ள கேமரா ட்ரோன். அது தானாகவே நிற்குமே, எனக்கு எதற்குச் சிமுலேட்டர்?

பதில்: உங்களுக்குத்தான் கேம் கன்ட்ரோலர் மிகவும் பொருத்தம். டிஜேஐ மாதிரி கேமரா ட்ரோன்களின் ரிமோட்டில் இடது ஸ்டிக்கும் நடுவுக்குத் திரும்பும், நடு என்றால் உயரம் மாறாமல் நில் என்று அர்த்தம். உங்கள் கையில் இருப்பதும் அதே அமைப்புதான்.

பழக வேண்டியவை இரண்டு. முதலாவது, ட்ரோன் உங்களைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது இடம் வலம் மாறிப்போவது. சிமுலேட்டரில் கேமராவைத் தரையில் நிற்கும் ஆளின் பார்வைக்கு மாற்றி, ட்ரோனின் மூக்கை உங்கள் பக்கம் திருப்பி, உயரத்தை உறுதியாகப் பிடிக்கும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்திப் பாருங்கள். அது எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே வலது ஸ்டிக்கைத் தள்ளினால் நிற்கும். முன்பின்னும் அப்படித்தான், உங்களை நோக்கி வந்தால் ஸ்டிக்கை உங்கள் பக்கமே இழுக்க வேண்டும். ஜிபிஎஸ் வேலை செய்யும்வரை இது தேவைப்படாது. சிக்னல் போய் ட்ரோன் காற்றோடு நகர ஆரம்பிக்கும்போது தேவைப்படும், அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க அவகாசம் இருக்காது.

இரண்டாவது, படம் எடுப்பதற்கானது. ஒரு மரத்தைச் சுற்றி வருவதென்றால் வலது ஸ்டிக்கை வலப்பக்கம் லேசாகத் தள்ளிக்கொண்டே இடது ஸ்டிக்கை இடப்பக்கம் லேசாகப் பிடிக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மரம் திரையின் நடுவில் நிற்கும். யாவ் அதிகமானால் மரம் வலப்பக்கம் நழுவும், குறைந்தால் இடப்பக்கம். இரண்டு விரலையும் அளவு மாறாமல் பிடித்து ஒரு முழுச் சுற்று வந்துவிட்டால், தானியங்கிச் சுற்று வசதி இல்லாமலேயே நல்ல காட்சி எடுக்கலாம்.

கேள்வி: சிமுலேட்டரில் பிரமாதமாக ஓட்டுகிறேன். நிஜத்திலும் அப்படியே வந்துவிடுமா?

பதில்: விரலும் கண்ணும் வரும். 2017-லேயே ட்ரோன் ரேசிங் லீக் சிமுலேட்டர் போட்டி வைத்து அதில் ஜெயித்தவரைத் தன் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டது. ஸூரிக் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட் என்ற செயற்கை நுண்ணறிவு ட்ரோனும் சிமுலேட்டரில் பழகித்தான் நிஜ டிராக்கில் மூன்று மனித சாம்பியன்களை வென்றது. 2023-ல் நேச்சர் இதழில் வந்தது. ஆனால் அவர்கள் நிஜ ட்ரோனைப் பறக்கவிட்டு அளவெடுத்து, சிமுலேட்டரும் நிஜமும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்து அதையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார்கள். உங்களுக்கும் அந்த வேறுபாடு காத்திருக்கிறது: காற்று தள்ளும், நேராக இறங்கினால் தன் காற்றிலேயே மாட்டி உதறும், வீடியோ சுவருக்குப் பின்னால் போனதும் கலங்கும். பேட்டரி முழுதாக இருக்கும்போது ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், 3.5 வோல்ட்டை நெருங்கும்போது இறக்கிவிட வேண்டும், கடைசியில் அதே த்ராட்டிலுக்குப் பலம் குறைந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் பயம். திரையில் மோதினால் ஒரு பொத்தான். நிஜத்தில் மோதினால் புல்லுக்குள் தேட வேண்டும், கிடைத்தால் சால்டரிங் அயனைச் சூடாக்க வேண்டும். முதல் ட்ரோனாக உள்ளங்கை அளவு 65 அல்லது 75 மில்லிமீட்டர் வூப் எடுங்கள், ப்ரொப்பெல்லரைச் சுற்றி வளையம் இருப்பதால் சுவரில் இடித்தாலும் பெரும்பாலும் திரும்ப எழும்.

கேள்வி: தினமும் ஓட்டுகிறேன், முன்னேற்றமே இல்லை. என்ன செய்வது?

பதில்: ரீசெட் பொத்தானை எத்தனை தடவை அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள். மோதினால் உடனே ரீசெட், மறுபடி முழு வேகம், மறுபடி மோதல். இப்படி ஓட்டினால் மோதுவதற்கு முந்தைய ஐந்து நொடி மட்டும்தான் பழக்கமாகும். ஒரு பேட்டரி என்று நினைத்து நான்கு நிமிடம் ஓட்டுங்கள், மோதினால் அந்த பேட்டரி முடிந்தது, கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஏன் மோதியது என்று யோசியுங்கள்.

இரண்டு கம்பத்தைச் சுற்றி 8 போடுவதை விடாமல் செய்யுங்கள். இடப்பக்கச் சுற்று சுலபமாக வரும், வலப்பக்கம் வராது, அல்லது உல்டாவாக இருக்கும்; எல்லோருக்கும் ஒரு பக்கம் நொண்டும். நடுவில் குறுக்கே கடக்கும் இடத்தில்தான் உயரம் மாறிப்போகும், ஏனென்றால் ஒரு பக்கச் சாய்வை நிமிர்த்தி மறுபக்கம் சாய்க்கும் அந்த ஒரு கணத்தில் ட்ரோன் தட்டையாக இருக்கிறது, அதே த்ராட்டில் அங்கே அதிகம், திருப்பத்தில் குறைவு. அதை விரல் தானாகக் குறைத்து ஏற்ற வேண்டும். ட்ரோனில் கேமரா மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை ஆரம்பத்தில் 15, 20 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், வீடியோக்களில் பார்க்கிற 40 டிகிரி மெதுவாக ஓட்டவே விடாது. திசை கைக்குள் வந்து, உயரம் மட்டும் கேம் கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டுகிறது என்று தோன்றினால் ரிமோட் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: ரிமோட் வாங்கிவிட்டேன். கணினியில் இணைத்தால் சிமுலேட்டருக்குத் தெரியவில்லை.

பதில்: எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் உள்ள ரிமோட் என்றால் முதலில் ரிமோட்டை ஆன் செய்துவிட்டு யுஎஸ்பி ஒயரைச் செருகுங்கள், திரையில் கேட்கும்போது ஜாய்ஸ்டிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டோரேஜ் என்று கொடுத்தால் மெமரி கார்டாகத்தான் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் மட்டும் செய்கிற ஒயர்கள் நிறைய இருக்கின்றன. பிறகு சிமுலேட்டரில் கேலிப்ரேஷன், எல்லா ஸ்டிக்கையும் நான்கு மூலைக்கும் கொண்டுபோய். கேம் கன்ட்ரோலருக்குப் போட்ட த்ராட்டில் ஸ்கேலை 100-க்குத் திருப்ப மறக்காதீர்கள்.