முள்ளம்பேத்தை இரையைக் கவ்வித் துப்புவது குறித்து

வணக்கம். நீங்கள் வளர்க்கும் முள்ளம்பேத்தை (உடலெங்கும் முட்களுள்ள பேத்தை மீன்) உங்களைக் கண்டதும் தொட்டியின் கண்ணாடியருகே வந்து கெஞ்சினாலும், உரித்த இறாலைக் கவ்வியவுடன் துப்பிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாவம், பசியிருந்தும் கடிக்க முடியாமல் தவிக்கிறது என்றே தோன்றுகிறது. பேத்தையின் பற்கள் கிளியின் அலகுபோல் ஒன்றிணைந்து வாழ்நாள் முழுவதும் வளர்பவை. இரையின் ஓடுகளைக் கடித்து நொறுக்கினால்தான் அவை தேயும். டார்ச் ஒளியில் பாருங்கள்: பற்கள் நீண்டு வாய் மூடாதிருந்தால், மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மயக்கமளித்துப் பற்களை வெட்டிவிடச் சொல்லுங்கள். நீளாவிட்டால், தொட்டி நீரில் மீன் கழிவால் சேரும் அம்மோனியாவின் அளவைச் சோதித்துவிட்டு, ஓட்டுடன் மட்டியும் நண்டுக்காலும் கொடுக்கத் தொடங்குங்கள். இடம் மாற்றும்போது வலையைப் பயன்படுத்த வேண்டாம், முட்கள் சிக்கிக்கொள்ளும். நீருக்கு வெளியே அஞ்சிக் காற்றை விழுங்கி உப்பினால் அதை வெளியேற்ற மீன் மிகவும் திணறும் என்பதால், நீரோடு சேர்த்தே ஒரு வாளியில் முகந்தெடுங்கள்.